டச்சுக் கடல்வரைபடங்களை வளர்த்தது அச்சுக்கடையா, கம்பெனியின் பூட்டிய அறையா?

நாவாய் எழுதியது:

வட கடலில் மீன்பிடித்தும் பால்டிக் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றியும் பிழைத்து வந்த நெதர்லாந்து என்ற சிறிய நாடு, ஒரு தலைமுறைக்குள் ஜாவா வரை தானே வழி கண்டு சென்றது எப்படி என்று கேட்டால், கப்பல் கட்டும் திறனையும் வணிகர்களின் முதலீட்டையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சுத்தொழிலுக்கு உரிய இடம் இந்த விளக்கங்களில் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். அதைப் பற்றி விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்க்ஹாய்சன் நகரத்து மாலுமியான லூக்காஸ் வாகெனார், 1584-இல் தம் கடல்வரைபட நூலின் முதற்பகுதியை லைடனில் அச்சிட்டு வெளியிட்டார். சௌடர்சே உள்கடலிலிருந்து ஸ்பெயினின் காடிஸ் வரையுள்ள கரை முழுவதும் அதில் இடம்பெற்றது. கரை மேலிருந்து எப்படித் தெரியும் என்பதை மட்டுமன்றி, கப்பல் தளத்தில் நிற்பவன் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்பதையும் அவர் வரைந்தார். கோபுரம், மணல்மேடு, காற்றாலை ஆகியவற்றை அடையாளமாகக் காட்டினார். நீரின் ஆழத்தை எண்களால் குறித்தார். துறைமுக வாய்களைக் கரையின் மற்றப் பகுதிகளைவிடப் பெரிதாக்கி வரைந்தார், ஏனெனில் கப்பல் தட்டுவது அங்கேதான். நங்கூரமிடத் தக்க இடம், மிதவை, நீருக்குள் மறைந்த பாறை ஆகியவற்றுக்கு நூல் முழுவதும் ஒரே குறியீடுகளைக் கையாண்டார். அதுவரை மாலுமிகளின் நினைவிலும் கையெழுத்துச் சுவடிகளிலும் சிதறிக் கிடந்த அறிவு, கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருளாயிற்று. 1588-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

முதற்பகுதி வெளிவந்த மறு ஆண்டே, 1585-இல், ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பெயின் படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்த வணிகர்களும் அச்சாளர்களும் செப்புத்தகட்டில் படம் செதுக்குவோரும் பெருந்தொகையாக வடக்கே குடிபெயர்ந்தனர். கென்ட் நகரத்தில் வளர்ந்த யோடோகஸ் ஹோண்டியஸ் லண்டன் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். கால்வினியப் போதகர் பெட்ரஸ் பிளான்சியஸ் பிரஸ்ஸல்ஸிலிருந்து தப்பி அதே நகரத்தை அடைந்தார். பதிப்பாளர் கோர்னெலிஸ் கிளாஸ் துணையுடன் அவர் பர்த்தொலொமெயு லாஸோ என்ற போர்த்துகீசிய வரைபடக்காரரின் படங்களைப் பெற்றார். அவற்றின் அடிப்படையில் 1592-இல் உலகப்படமும், பின்னர் மசாலாத் தீவுகள் எனப்படும் மொலுக்கா தீவுகளின் படமும் வெளிவந்தன. மொலுக்கா படத்தின் கீழோரத்தில் ஜாதிக்காய், கிராம்பு, சந்தனம் மூன்றும் வரையப்பட்டிருக்கின்றன. எங்கே போக வேண்டும், எதற்காகப் போக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே தாளில் சொன்ன படம் அது.

கோவாவின் பேராயரிடம் செயலராக இருந்த யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன் 1592-இல் நாடு திரும்பினார். போர்த்துகீசிய மாலுமிகளின் வழிக்குறிப்புகளைத் தொகுத்து அவர் எழுதியது 1595-இலும், ஆசியாவைப் பற்றிய பெருநூல் 1596-இலும் வெளிவந்தன. இரண்டையும் அச்சிட்டவர் அதே கிளாஸ். போர்த்துகீசியர் கைவசம் இருந்த மலாக்கா நீரிணையைத் தவிர்த்துச் சுந்தா நீரிணை வழியாகச் செல்லலாம் என்ற யோசனை அதில் இருந்தது. 1595 ஏப்ரலில் டெக்ஸலிலிருந்து புறப்பட்ட கோர்னெலிஸ் டி ஹவுட்மனின் நான்கு கப்பல்கள் அவ்வழியே 1596-இல் ஜாவாவின் பாண்டென் துறைமுகத்தை அடைந்தன.

லிஸ்பனும் செவில்லும் அரசாணையால் பூட்டி வைத்த அறிவை ஆம்ஸ்டர்டாம் கடைவீதியில் விற்றது. டச்சுக்காரரின் வளர்ச்சிக்கு அதுவே வேர் என்கிறேன்.

ஏட்டறை எழுதியது:

நாவாய் அவர்கள் சொன்ன செய்திகள் அனைத்தும் சரியானவை. முடிவோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அவர் கதையை 1596-இல் நிறுத்திவிட்டார். அதற்குப் பின் அறிவு எங்கே சேர்ந்தது என்று பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது.

ஹெசல் கெரிட்ஸ் என்ற ஒருவரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி ஹட்சன் வட அமெரிக்காவில் கண்ட பெரும் விரிகுடாவின் படம் 1612-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வெளிவந்தது. ஹட்சன் அப்பயணத்தை மேற்கொண்டது ஆங்கிலேயர் பணத்தில், ஆனால் படத்தை உலகுக்குக் கொடுத்தவர் டச்சுக்காரரான கெரிட்ஸ். நீங்கள் சொல்லும் திறந்த சந்தைக்கு இதைவிடத் தக்க சான்று கிடைக்காது. அதே கெரிட்ஸ் 1617-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் கிளைக்கு அதிகாரபூர்வ வரைபடக்காரராக அமர்த்தப்பட்டார். அன்று முதல் கம்பெனியின் ஆசியக் கடல்வரைபடங்களை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்ற உறுதிமொழிக்கு அவர் கட்டுப்பட்டார்.

அந்தப் பதவியின் வேலை என்ன என்பதில்தான் என் வாதம் இருக்கிறது. புறப்படும் ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியலிட்டுக் கடல்வரைபடங்கள் வழங்கப்படும். அவை பெரும்பாலும் தோல்தாளில் கையால் வரையப்பட்டவை, ஏனெனில் கடலின் ஈரத்தைக் காகிதம் தாங்காது. பயணம் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். மீகாமன் நாள்தோறும் எழுதிய நாட்குறிப்பையும் ஒப்படைக்க வேண்டும். காற்றின் திசை, கப்பல் சென்ற தொலைவு, உச்சிவேளைச் சூரியனை அளந்து கண்ட அட்சரேகை, ஈயக்குண்டை இறக்கிப் பார்த்த ஆழம், கண்ணில் பட்ட தீவின் உருவம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். வரைபடக்காரர் அந்த நாட்குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மூலப்படத்தைத் திருத்துவார். அடுத்த ஆண்டு செல்லும் கப்பல் திருத்திய படியைக் கொண்டு போகும். பின்னர் ஜாவாவில் கம்பெனியின் தலைமையிடமான பத்தாவியா நகரத்திலும் இதேபோன்ற படக்கூடம் ஒன்று இயங்கியது, ஆகவே ஆசியக் கடலுக்குள்ளேயே ஓடிய கப்பல்களின் அனுபவமும் வீணாகவில்லை.

அச்சுக்கடையில் இந்தச் சுற்று கிடையாது. செப்புத்தகடு விலையுயர்ந்தது, அதைத் திருத்துவது செலவு. வாங்குபவர் பெரும்பாலும் கடலுக்குப் போகாதவர், அவருக்குப் பிழை தெரியப் போவதுமில்லை. முந்தைய தலைமுறை வரைபடக்காரரான மெர்கேட்டரின் தகடுகளை ஹோண்டியஸ் 1604-இல் விலைக்கு வாங்கி 1606-இல் புதிய படங்களைச் சேர்த்து வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாம் வரைபடப் பதிப்பாளர் வில்லெம் பிளாவ் 1629 வாக்கில் ஹோண்டியஸ் குடும்பத்தின் பல தகடுகளை வாங்கித் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். தகடுகள் கை மாறியதால் அவற்றிலிருந்த கரையோரம் திருந்தவில்லை.

கரைவாசி எழுதியது:

ஏட்டறை அவர்களிடம் ஒரு கேள்வி. கம்பெனியின் திருத்தும் முறை அவ்வளவு சிறந்தது என்றால், 1629-இல் "பத்தாவியா" கப்பல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப் பாறையில் மோதி உடைந்தது ஏன்? அந்தப் பாறைத் தொடர் கெரிட்ஸின் 1627-ஆம் ஆண்டுப் படத்திலேயே இருக்கிறது.

ஏட்டறை எழுதியது:

நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கடந்த கப்பல்கள் முன்பு போர்த்துகீசியர் வழியைப் பின்பற்றி வடகிழக்காகச் சென்றன. காற்றில்லாத வெப்பக்கடலில் வாரக்கணக்கில் நின்று, உணவு கெட்டு, ஆட்கள் மடிந்து, ஓராண்டுக்கு மேலாகவும் பயணம் நீண்டது. ஹவுட்மனின் முதற்பயணத்தில் ஏறத்தாழ 250 பேர் புறப்பட்டு 90-க்கும் குறைவானவர்களே திரும்பினர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1611-இல் ஹென்ட்ரிக் பிரவுவர் வேறு வழியைச் சோதித்தார். முனையிலிருந்து இன்னும் தெற்கே இறங்கி, அங்கே இடைவிடாது வீசும் மேல்காற்றைப் பிடித்து, நேர்கிழக்காக ஓடி, பிறகு வடக்கே திரும்பி ஜாவாவை அடைந்தார். ஆறு மாதத்திற்குள் பயணம் முடிந்தது. சில ஆண்டுகளில் கம்பெனி இதையே கட்டாய வழியாக்கியது. முனையிலிருந்து ஏறத்தாழ 1000 டச்சு மைல், அதாவது சுமார் 7,400 கிலோமீட்டர், கிழக்கே சென்ற பின் வடக்கே திரும்ப வேண்டும் என்பது விதி.

இடர் இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனை அளந்து அறியலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதை அறிய அன்று நம்பத்தக்க வழி இல்லை. கப்பலின் வேகத்தை ஊகித்து, நாட்களால் பெருக்கிக் கணக்கிட்டார்கள். பெருங்காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தள்ளும்போது அந்தக் கணக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிசகும். 1616 அக்டோபரில் டிர்க் ஹார்டாக் "ஏந்திராக்ட்" கப்பலில் அப்படிப் பிசகித்தான் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையைக் கண்டார். நீங்கள் சொல்லும் பாறைத் தொடரை 1619-இல் பிரெடரிக் டி ஹவுட்மன் கண்டு குறித்தார். கெரிட்ஸ் இவற்றையெல்லாம் நாட்குறிப்புகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தே 1627 படத்தை வரைந்தார். ஆகவே பாறை இருக்கும் இடம் படத்தில் இருந்தது. தன் கப்பல் இருக்கும் இடம் "பத்தாவியா"வின் மீகாமனுக்குத் தெரியவில்லை. அந்தக் குறை நீங்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்கடிகாரம் வர வேண்டியிருந்தது. அதுவரை 1656, 1712, 1727 ஆகிய ஆண்டுகளிலும் டச்சுக் கப்பல்கள் அதே கரையில் உடைந்தன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், இது என் வாதத்துக்கு எதிராகவே நிற்கும். 1622-இல் "டிரையல்" என்ற ஆங்கிலக் கப்பல் பிரவுவர் வழியைப் பின்பற்ற முயன்று அதே கடலில் பாறையில் மோதியது. நூறு பேருக்கு அருகில் மாண்டனர். வழி எது என்ற செய்தி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அங்குள்ள கரையைப் பற்றி டச்சுக்காரர் அதற்குள் அறிந்திருந்தவை கிடைக்கவில்லை.

நாவாய் எழுதியது:

"டிரையல்" பற்றிய குறிப்புக்கு நன்றி. மூடிய அறையின் விலை என்ன என்பதை அது காட்டுகிறது.

அச்சு திருந்தாது என்று நீங்கள் சொன்னதற்கு ஒரு மறுப்பு. வடக்கே ரஷ்யாவைச் சுற்றிச் சீனாவுக்குப் போகலாம், துருவத்தை அடுத்த கடல் உறையாது என்று பிளான்சியஸ் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையோடு சென்ற வில்லெம் பாரென்ட்ஸின் குழு, 1596-97 குளிர்காலத்தை நோவா செம்லியாவில் உறைபனிக்கு நடுவே மரக்குடிலில் கழித்தது. திரும்பும் வழியில் பாரென்ட்ஸ் இறந்தார். அவர் வரைந்த துருவப் படம் மறு ஆண்டே, 1598-இல், கிளாஸின் அச்சில் வந்தது. போதகரின் கொள்கையைக் கடலோடியின் படம் திருத்தியது, அதுவும் எல்லாரும் பார்க்கும்படி. வானத்துக்கும் இது பொருந்தும். பிளான்சியஸ் பயிற்சி அளித்த பீட்டர் டிர்க்ஸோன் கெய்சர், ஹவுட்மனின் பயணத்தில் தென்வானத்து விண்மீன்களை அளந்து குறித்துவிட்டுப் பாண்டெனில் உயிர்நீத்தார். அவர் குறிப்புகள் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்ததால், 1598-ஆம் ஆண்டு வான உருண்டையில் புதிய 12 விண்மீன் கூட்டங்கள் இடம்பெற்றன.

அடுத்தது, பூட்டிய அறையின் சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்வி. கெரிட்ஸ் 1632-இல் இறந்த பின் அந்தப் பதவிக்கு வந்தவர் வில்லெம் பிளாவ், 1638-இல் அவர் மறைந்ததும் மகன் யோவான் பிளாவ். ஆம்ஸ்டர்டாமின் மிகப்பெரிய வரைபட வணிகரும் கம்பெனியின் இரகசியப் படங்களின் காவலரும் நாற்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்தினர். கம்பெனியின் கடலோடி ஏபல் டாஸ்மன் 1642 முதல் 1644 வரை கண்ட தென்கடல் கரைகள் யோவான் பிளாவின் 1648-ஆம் ஆண்டு உலகப்படத்தில் அச்சாகிவிட்டன. அந்தப் படமே ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்தின் பெருங்கூடத்துத் தரையில் பளிங்கில் பதிக்கப்பட்டது. நகர மக்கள் ஆஸ்திரேலியாவின் மேல் நடந்து போனார்கள். இதை இரகசியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏட்டறை எழுதியது:

தரையில் பதிக்கப்பட்டது கண்டத்தின் உருவரை. அதைக் கொண்டு ஒரு கப்பலையும் துறைக்குள் கொண்டு போக முடியாது. கம்பெனி காத்தது ஆழ எண்களையும், பாறைகளையும், எந்த மாதம் எந்தக் காற்று என்ற குறிப்பையும். யோவான் பிளாவின் 1662-ஆம் ஆண்டுப் பேரட்லஸ் லத்தீனில் 11 தொகுதிகள், ஏறத்தாழ 600 படங்கள். வண்ணம் தீட்டிய பிரெஞ்சுப் பதிப்பு 450 கில்டருக்கு விற்றது. அதைப் போன்ற அழகிய நூல் அந்த நூற்றாண்டில் வேறில்லை என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புவேன். ஆனால் அது செல்வர் வீட்டு நூலகத்துக்கு உரியது. அதன் ஆசியப் படங்களில் பிளாவ் தம் மறுகையில் வைத்திருந்த புதிய அளவீடுகளை அதிகம் காண முடியாது. இரண்டு கைகளையும் அவர் தனித்தனியாகவே வைத்திருந்தார்.

வடமராட்சி வாசகர் எழுதியது:

இருவரும் கடலையே பேசுகிறீர்கள். வணிக அறிவு கரையிலும் வளர்ந்தது. எங்கள் பகுதியிலிருந்து அதற்குச் சான்று காட்டலாம்.

மசாலாத் தீவுகளில் வெள்ளியைவிடத் துணிக்கு மதிப்பு அதிகம் என்பதை டச்சுக்காரர் விரைவிலேயே கண்டுகொண்டனர். அந்தத் துணி சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை அவர்கள் எழுப்பியதற்கும், 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்ததற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. எந்தத் தீவில் எந்த நிறத் துணி, எந்தக் கரை போட்ட துணி விலைபோகும் என்பதைக் கம்பெனியின் கணக்கர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். "பத்தாவியா"வின் தலைவராக இருந்த பிரான்சிஸ்கோ பெல்சார்ட், அதற்கு முன் ஆக்ராவில் பணிபுரிந்து அவுரி வணிகத்தைப் பற்றி விரிவான அறிக்கை எழுதியவர். கடல்வரைபடத்தோடு இவ்வகை அறிக்கைகளையும் சேர்த்து எண்ணினால்தான் அவர்களின் அறிவு முழுமையாகப் புலப்படும்.

யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்புஸ் பால்டேயஸ் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில், குடாநாட்டின் படமும் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை போன்ற ஊர்களின் தேவாலயப் படங்களும் தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. தீவுகளுக்குத் தம் நகரப் பெயர்களையே அவர்கள் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. நெடுந்தீவு இன்றும் ஆங்கிலப் படங்களில் டெல்ஃப்ட்தான். போர்த்துகீசியர் தொடங்கிய தோம்பு என்னும் காணிப் பதிவேட்டை ஒல்லாந்தர் விரிவாக்கினர். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை பனை, என்ன வரி என்பதெல்லாம் அதில் பதிவாயின. இந்தப் படங்களும் ஏடுகளும் எங்கள் முன்னோரின் ஊர்களைப் பற்றிய அரிய சான்றுகள். வரி தண்டுவதற்காக எழுதப்பட்டவை என்பதையும் மறக்க முடியாது.

மணற்கேணி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செய்தியை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து பெற்றார்கள் என்கிறோம். போர்த்துகீசியர் யாரிடமிருந்து பெற்றார்கள்? 1512-இல் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் தம் அரசருக்கு எழுதிய கடிதத்தில், ஜாவாவைச் சேர்ந்த மாலுமி ஒருவரின் பெரிய வரைபடத்தைப் பற்றிக் கூறுகிறார். ஊர்ப்பெயர்கள் ஜாவா எழுத்தில் இருந்தன. கிராம்புத் தீவுகளும், சீனர் செல்லும் வழிகளும் அதில் காட்டப்பட்டிருந்தன. தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்று அவர் புகழ்கிறார். மூலம் கப்பலோடு கடலில் மூழ்கியது. போர்த்துகீசிய மாலுமி பிரான்சிஸ்கோ ரொட்ரிகெஸ் படியெடுத்திருந்த ஒரு பகுதியே அரசருக்குப் போய்ச் சேர்ந்தது. அச்சுக்கடைக்கும் பூட்டிய அறைக்கும் முன்னால் அந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாக ஓடிய மக்களின் அறிவு இருந்தது. அந்த மாலுமியின் பெயரை ஒரு படமும் பொறிக்கவில்லை.

பிளான்சியஸின் படத்தோரத்தில் அழகாக வரையப்பட்ட ஜாதிக்காய் பாண்டா தீவுகளுக்கு உரியது. 1621-இல் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் அத்தீவுகளைப் படையெடுத்துப் பிடித்தார். அங்கே வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் இறந்தனர், அல்லது அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். தோட்டங்கள் கம்பெனி ஆட்களுக்குப் பங்கிடப்பட்டன. அந்தப் படத்தைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவதே நேர்மை என்று கருதுகிறேன்.

ஏட்டறை எழுதியது:

மணற்கேணி அவர்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். கம்பெனியின் நாட்குறிப்புகளிலும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கப்பலில் ஏற்றப்பட்டார் என்று வரும், பெயர் பெரும்பாலும் வராது.

இழையின் தலைப்புக் கேள்விக்குத் திரும்பி, 1672-க்குப் பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவ்வாண்டு பிப்ரவரியில் பிளாவ் அச்சகம் தீப்பற்றியது. தகடுகளும் தாள்களும் பெருமளவில் அழிந்தன. மறு ஆண்டு யோவான் பிளாவ் இறந்தார். அட்லஸ் வணிகம் அத்தோடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கம்பெனியின் கையெழுத்துப் படங்களோ தொடர்ந்து திருத்தப்பட்டன. 1705 முதல் ஐசக் டி கிராஃப் அந்தப் பணியைச் செய்தார். 1743-இல் அது வான் கெய்லன் குடும்பத்துக்கு வந்தது. அவர்கள் ஆம்ஸ்டர்டாமில் தலைமுறைகளாகக் கடல்வரைபடங்களை அச்சிட்டு விற்றவர்கள்.

அந்தக் குடும்பத்தின் இரண்டாம் யோஹானஸ் 1753-இல் தம் கடல்வரைபடத் தொகுப்பின் ஆறாம் பகுதியாகக் கம்பெனியின் ஆசியப் படங்களை அச்சிட்டு வெளியிட்டார். கெரிட்ஸ் உறுதிமொழி எடுத்துக் கிட்டத்தட்ட 136 ஆண்டுகளுக்குப் பின் அந்த அறை திறந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரரான தாப்ரே டி மான்வில்லெட் கீழைக்கடல்களின் அச்சிட்ட தொகுப்பை 1745-இலேயே கொண்டுவந்துவிட்டார். பல நாட்டுக் கப்பல்களின் குறிப்புகளை அவர் கேட்டு வாங்கித் திருத்தினார். ஒரு கம்பெனியின் கப்பல்கள் மட்டுமே திருத்திய படத்தைவிட, எல்லா நாட்டுக் கப்பல்களும் திருத்தும் படம் விரைவாக வளரும். அந்த அளவில் நாவாய் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. திரும்பி வந்த நாட்குறிப்பைப் படித்து ஒப்பிட ஆள் வைத்ததே முதன்மையான காரணம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

நாவாய் எழுதியது:

1745-க்கும் 1753-க்கும் இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி மட்டுமே தனி இழை தொடங்கலாம். பிரெஞ்சுத் தொகுப்பின் சோழமண்டலக் கரைப் படத்தையும் வான் கெய்லனின் படத்தையும் அருகருகே வைத்துப் பழவேற்காட்டுக் கழிமுக ஆழங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். இரண்டின் உயர்தரப் படிகளும் வைத்திருப்பவர்கள் இங்கே இணைத்தால் அங்கிருந்தே தொடரலாம்.